சாவி யாரிடம் இருந்தது: ஒரு வாசகர் வட்டத்தில் நடந்தது

எங்கள் ஊர் கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் இரண்டு மாதத்துக்குள் நடந்து முடிந்த ஒரு விஷயத்தை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். நான் அந்த வட்டத்தின் ஒருங்கிணைப்பாளர், மேல்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறேன். ஊர்ப் பெயரும் ஆட்கள் பெயரும் இதில் இல்லை, அடையாளம் காட்டிவிடும் சில சின்ன விவரங்களை மாற்றியிருக்கிறேன். பாதிக்கப்பட்ட அம்மாவுக்கும் அவர் மகனுக்கும் இதை முழுசாக வாசித்துக் காட்டினேன். அவர்கள் எடுக்கச் சொன்ன இரண்டு இடங்களை எடுத்துவிட்டேன். பாகுபாட்டைப் பற்றிய ஒரு நாவலைக் கூடி வாசிக்கலாம் என்று நினைக்கிற யாராவது இதைப் படித்தால் நாங்கள் தவறிய இடத்தில் அவர்கள் கொஞ்சம் முன்னாலேயே விழித்துக்கொள்ளலாம்.

பின்னணி

வட மாவட்டத்துச் சிறு நகரம். நாலு அரிசி ஆலை, ஒரு அரசு மருத்துவமனை, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நூலகம். ஏரிக்கரையை ஒட்டி இருளர் குடியிருப்பு, இருபது வீடு இருக்கும். ஆலையில் மூட்டை, செங்கல் சூளை, கரும்பு வெட்டு என்று வேலைக்குப் போகிறவர்கள். அரசுப் பதிவில் அவர்கள் பழங்குடியினர், அதிலும் தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த நிலையில் இருப்பதாக வகைப்படுத்தப்பட்ட ஆறு பழங்குடிகளில் ஒன்று. ஊர்க்காரர்களுக்கு அவர்கள் ஞாபகம் வருவது இரண்டு சமயத்தில்தான்: வீட்டுக்குள் பாம்பு வந்தால், ஏதாவது காணாமல் போனால்.

நூலகத்தைக் கூட்டிப் பெருக்குவது அந்தக் குடியிருப்பைச் சேர்ந்த ஓர் அம்மா. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஆறு வருடமாக வருகிறார், காலையில் நூலகர் வருவதற்கு முன்பே திறந்து பெருக்கி வைப்பதால் ஒரு சாவி அவரிடமே இருந்தது. அவருடைய மகனுக்கு 19 வயது. அந்தத் தெருவில் பன்னிரண்டாவது முடித்த முதல் ஆள், ஐ.டி.ஐ. படித்துவிட்டு ஒரு மொபைல் சர்வீஸ் கடையில் வேலை பார்த்தான்.

வட்டத்தில் 14 பேர். ஆசிரியர்கள், ஓய்வு பெற்ற அதிகாரிகள் மூன்று பேர், ஒரு நர்ஸ், மருந்துக் கடைக்காரர், கல்லூரி மாணவர்கள் சிலர். ஞாயிறு மாலை கூடுவோம். இந்த முறை ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' எடுத்தோம், சிலர் ஆங்கிலத்திலும் சிலர் தமிழ் மொழிபெயர்ப்பிலும். 1960இல் வந்த நாவல், கதை நடப்பது 1930களில், அலபாமா மாநிலத்தில் மேகோம்ப் என்கிற கற்பனைச் சிறு நகரத்தில். எனக்கு அது பிடித்த நாவல், தேர்வு செய்தது நான்தான்.

முதல் ஐந்து வாரம், அப்போது கவனிக்காமல் விட்டவை

முதல் வாரம் ராட்லி வீட்டைப் பற்றிப் பேசினோம். வெளியே வராத ஒரு மனிதனைப் பற்றி ஊரே கதை கட்டுகிறது, அணிலைப் பச்சையாகத் தின்பான் என்கிறார்கள், அவனோ மரப்பொந்தில் குழந்தைகளுக்குப் பரிசுப் பொருள் வைத்துக்கொண்டிருக்கிறான். எல்லோரும் அவரவர் தெருவில் இருந்த இப்படி ஒரு வீட்டை நினைவுபடுத்திச் சொன்னார்கள். நல்ல உரையாடல்.

இரண்டாவது வாரத்திலிருந்து அந்தப் பையன் வர ஆரம்பித்தான். அம்மாவைக் கூட்டிப்போக வந்தவன் அப்படியே வாசல் படியில் உட்கார்ந்து கேட்டான். அடுத்த வாரம் நூலக அட்டையில் புத்தகத்தை எடுத்துக்கொண்டான். கடைசி வரை ஒரு வார்த்தை பேசவில்லை, நாங்களும் பேசச் சொல்லவில்லை.

மூன்றாவது வாரம் பின்புலத்துக்காக ஸ்காட்ஸ்பரோ வழக்கைப் பற்றி ஒரு மணி நேரம் சொன்னேன். 1931 மார்ச்சில் அலபாமாவில் சரக்கு ரயிலில் வந்த ஒன்பது கறுப்பின இளைஞர்கள் மீது இரண்டு வெள்ளைப் பெண்கள் பலாத்காரப் புகார் சொன்னார்கள். கைதான சில வாரங்களுக்குள் எட்டுப் பேருக்கு மரண தண்டனை. முறையான வழக்கறிஞர் இல்லாமல் விசாரித்தது தவறு என்று 1932லும், குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவான ஜூரியிலிருந்து கறுப்பினத்தவரைத் திட்டமிட்டு ஒதுக்கியது தவறு என்று 1935லும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. கடைசி மூன்று பேருக்கு மன்னிப்பு வந்தது 2013இல், அவர்கள் எல்லோரும் இறந்த பிறகு. நர்ஸ் கண் கலங்கிவிட்டார்.

நான்காவது, ஐந்தாவது வாரம் டாம் ராபின்சன் வழக்கு. மயெல்லா என்கிற வெள்ளைப் பெண்ணைப் பலாத்காரம் செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட கறுப்பினத்தவன் டாம், அவனுக்காக வாதாடும் வழக்கறிஞர் அட்டிகஸ் பிஞ்ச். பெண்ணின் முகத்தில் காயம் வலது பக்கம், அடித்தவன் இடதுகைக்காரனாக இருக்க வாய்ப்பு அதிகம், டாமுக்கோ சின்ன வயதில் பஞ்சரவை எந்திரத்தில் சிக்கி இடது கை வேலை செய்யாது, அந்தப் பெண்ணின் அப்பா இடதுகைக்காரர். இவ்வளவு தெளிவாக இருந்தும் ஜூரி அவனைக் குற்றவாளி என்கிறது. அப்புறம் சிறையிலிருந்து தப்ப முயன்றான் என்று அவனை 17 தோட்டாக்களால் துளைக்கிறார்கள். ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் அன்று பேசியது இன்னும் காதில் இருக்கிறது. அட்டிகஸ் பிஞ்ச் மாதிரி ஊருக்கு ஒரு மனிதர் இருந்தால் போதும் என்று தழுதழுத்த குரலில் சொன்னார். எல்லோரும் கை தட்டினோம்.

இதில் மூன்று விஷயங்களை நான் அப்போது பார்க்கவில்லை, பின்னால் யோசித்தபோதுதான் உறைத்தது.

ஒன்று, நீதிமன்றக் காட்சியில் கறுப்பின மக்கள் மாடத்தில் தனியாக உட்கார்ந்திருப்பதைப் பற்றி நாங்கள் இருபது நிமிடம் பேசினோம். அந்த இருபது நிமிடமும் பையன் வாசல் படியில் உட்கார்ந்திருந்தான், உள்ளே நாலு நாற்காலி காலியாக இருந்தது.

இரண்டாவது, கல்லூரி மாணவர்கள் உட்பட அத்தனை பேரும் அந்த அம்மாவை 'வா, போ' என்றுதான் கூப்பிட்டோம், நானும்தான். அவர் எங்கள் எல்லோரையும் 'சார்', 'டீச்சர்' என்பார்.

மூன்றாவதுதான் எனக்கு ரொம்ப வலிக்கிறது. அந்த ஜூரியில் மேகோம்ப் நகரத்துக்காரர்கள் யாரும் இல்லை, சுற்றுவட்டாரத்து விவசாயிகள்தான். ஊருக்குள் இருக்கிற படித்த கனவான்களுக்கு அக்கறை கிடையாது, சிலருக்குப் பயம், ஏதாவது காரணம் சொல்லித் தப்பித்துக்கொள்கிறார்கள் என்று அட்டிகஸ் மகனிடம் விளக்குகிற இடம் ஒன்று உண்டு. நேரம் ஆகிவிட்டது என்று அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போகச் சொன்னது நான்.

பணம் காணாமல் போன நாள்

புதிய நாற்காலிகளுக்காகப் புரவலர் நிதி திரட்டியிருந்தோம். ஆளுக்கு ஆயிரம் வீதம் 23 பேரிடம் வாங்கிய 23,000 ரூபாயை வட்டத்தின் பொருளாளர் ஒரு கவரில் போட்டு நூலக பீரோவில் வைத்திருந்தார். செலுத்த வேண்டிய இடத்தில் செலுத்துவதற்காக ஐந்தாவது கூட்டத்துக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை எடுக்கப் போனால் கவர் இல்லை.

மதியம் 1.50க்கு வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் அவர் போட்ட செய்தி: "பணக் கவரைக் காணோம். யாராவது எடுத்து வைத்தீர்களா?" பத்து நிமிடத்தில் ஒருவர், "சாவி யார் யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டார். நூலகர், பொருளாளர், பெருக்குகிற அம்மா என்று பதில் வந்தது. அந்தப் பதிலுக்குப் பிறகு முதல் இரண்டு பேரைப் பற்றி ஒரு செய்திகூட இல்லை. "யாரையும் குறை சொல்லல, ஆனா இப்பல்லாம் அவ பையன் உள்ள வர்றான்." "புது போன் வச்சிருக்கான் பார்த்தீங்களா?" "அவங்க ஆளுங்களை நம்பி சாவி குடுத்ததே தப்பு." 40 நிமிடத்தில் 61 செய்தி. அந்த போன் அவன் கடையில் 3,500 ரூபாய்க்கு வாங்கித் தானே சரிசெய்துகொண்ட பழைய போன். பையனைப் பார்த்துத் தெரிந்துகொள்ள விரும்பிய யாருக்கும் அது தெரிந்திருக்கும்.

வகுப்பு முடிந்து இரண்டரைக்கு நான் எல்லாவற்றையும் படித்தேன். 'ஆதாரம் இல்லாமல் பெயர் சொல்லாதீர்கள்' என்று எழுதினேன், அழித்தேன். மறுபடி எழுதினேன், அழித்தேன். எல்லோரும் தினமும் பார்க்கிற முகம், இரண்டு பேர் என் மாணவர்களின் பெற்றோர். கடைசியில் "பொறுமையாகத் தேடலாம்" என்று மட்டும் போட்டேன். அதற்குள் ஒருவர் தனக்குத் தெரிந்த ஏட்டுக்கு போன் பண்ணிவிட்டார். எழுத்துப் புகார் கிடையாது, வாய் வார்த்தைதான்.

நாலு மணிக்கு, கடையில் வாடிக்கையாளர்கள் நிற்கும்போதே, இரண்டு போலீஸ்காரர்கள் பையனைக் கூட்டிப் போனார்கள்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

ஐந்து மணிக்கு அந்த அம்மா என் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. "டீச்சர், எம்புள்ளயக் கூட்டினு போயிட்டாங்க" என்றார், அதற்கு மேல் பேச்சு வரவில்லை. அப்போதுதான் நான் அசைந்தேன். இதைப் பெருமையாகச் சொல்ல எதுவும் இல்லை, அதற்கு முன்னால் இரண்டரை மணி நேரம் என் கையில் இருந்தது.

முதல் முடிவு, நூலகரையும் பக்கத்து ஊர் வழக்கறிஞர் நண்பர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு நிலையத்துக்குப் போவது. தனியாகப் போனால் சமாதானமாகப் பேசி அனுப்பிவிடுவார்கள் என்று வழக்கறிஞர்தான் சொன்னார். இருளர், குறவர் போன்றவர்கள் மேல் திருட்டுச் சந்தேகம் வந்தால் நிலையத்துக்குள் என்ன நடக்கும் என்பதற்கு இந்த மாநிலத்தில் நிறைய முன்கதை உண்டு. 1993இல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் ராஜாகண்ணு என்ற குறவர் சமூகத்துக்காரர் திருட்டுப் புகாரில் அடித்துக் கொல்லப்பட்ட வழக்கு பலருக்குத் தெரியும். ஆகவே முதல் ராத்திரி முக்கியம் என்பது வழக்கறிஞரின் கணக்கு.

நிலையத்தில் "சும்மா விசாரணைக்குத்தான்" என்றார்கள். எப்.ஐ.ஆர். இல்லை, புகார் வந்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீதும் இல்லை. கைது செய்வது பற்றி டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த 11 நெறிமுறைகளை வழக்கறிஞர் நிதானமாக எடுத்துச் சொன்னார். கைது என்றால் நேரமும் சாட்சிக் கையெழுத்தும் உள்ள கைதுக் குறிப்பு வேண்டும், குடும்பத்துக்குத் தகவல் சொல்லியிருக்க வேண்டும். கைது இல்லை என்றால் அவனை உட்கார வைத்திருக்க முடியாது. இரண்டில் எது என்று எழுதிக் கொடுங்கள் என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார், குரலை உயர்த்தவில்லை. இரவு 9.45க்கு அனுப்பினார்கள். கன்னம் வீங்கியிருந்தது. அன்று இரவே அரசு மருத்துவமனையில் காட்டி, எப்படி அடிபட்டது என்பதையும் சேர்த்துப் பதிய வைத்தோம்.

இரண்டாவது முடிவு, மூன்று சாவிக்காரர்களும் ஒரே மாதிரி தேடுவது. புதன்கிழமை நூலகரும் பொருளாளரும் தங்கள் பைகளையும் வீட்டு மேசைகளையும் எங்கள் முன்னால் தேடினார்கள். பொருளாளருக்கு முகம் சுருங்கிவிட்டது, "என்னை சந்தேகப்படுறீங்களா?" என்றார். சந்தேகம் இல்லை சார், அந்த அம்மாவுக்கு நேற்று நடந்ததில் பத்தில் ஒரு பங்குதான் இது என்று நூலகர் பதில் சொன்னார். எப்போதும் அதிர்ந்து பேசாதவர்.

பணம் கிடைத்தது

வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை. காலையில் பைண்டிங் கடைக்காரர் நூலகருக்கு போன் செய்தார். திங்களன்று பைண்டிங்குக்கு அனுப்பிய பழைய பதிவேட்டுக் கட்டுக்குள் ஒரு கவர் இருக்கிறது, எண்ணினேன், 23,000 இருக்கிறது என்றார். பொருளாளர் பத்திரமாக இருக்கட்டும் என்று அதை ஒரு பதிவேட்டுக்குள் செருகியிருக்கிறார், மறந்துவிட்டார். திருட்டே நடக்கவில்லை.

குழுவில் இந்தச் செய்தியை நான் போட்டேன். சந்தேகப்பட 61 செய்தி வந்த இடத்தில் அன்று முழுக்க 9 செய்தி. கட்டைவிரல் படங்கள், "கடவுள் இருக்கார்", "நல்லபடியா முடிஞ்சுது", "முடிஞ்சதை விட்டுட்டு நாற்காலி வேலையைப் பாருங்க." பையன் பெயர் ஒன்றில்கூட இல்லை.

நல்லபடியாக முடியவில்லை. மொபைல் கடைக்காரர் அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். "எனக்கு அவன் மேல ஒண்ணும் இல்ல டீச்சர், கஸ்டமர் போனைக் குடுக்க யோசிக்கிறாங்க" என்றார். பணம் கிடைத்த செய்தியைச் சொன்ன பிறகும் அவர் முடிவு மாறவில்லை. போலீஸ் கூட்டிப்போனதைத் தெருவே பார்த்தது, கவர் கிடைத்ததை ஒரு போன் அழைப்புதான் சொன்னது.

மன்னிப்பு எப்படிக் கேட்பது என்ற பிரச்சினை

ஆறாவது ஞாயிறு நாவலை மூடி வைத்துவிட்டு இதை மட்டும் பேசினோம். அடுத்த கூட்டத்தில் பையனுக்குப் பொன்னாடை போர்த்தலாம் என்று ஒருவர் சொன்னார். வட்டத்தின் சார்பில் ஐந்தாயிரம் கொடுக்கலாம் என்று இன்னொருவர். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். நர்ஸ்தான், "அவங்களுக்கு என்ன வேணும்னு கேட்டோமா?" என்றார்.

நானும் நர்ஸும் நூலகரும் ஏரிக்கரைக்குப் போனோம். "நல்லா இருக்கீங்களாம்மா?" என்று நான் கேட்டதும் அந்த அம்மா ஒரு கணம் என்னை உற்றுப் பார்த்தார். ஆறு வருடத்தில் நான் அப்படி மரியாதையாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. நாவலில் அட்டிகஸ் மரியாதையாகப் பேசுவதைக் கேட்டு மயெல்லா தன்னைக் கிண்டல் செய்கிறார் என்று நினைக்கிற இடம் ஞாபகத்துக்கு வந்தது, எனக்கு உடம்பு கூசியது.

பொன்னாடை வேண்டாம், பணமும் வேண்டாம் என்றார். "அன்னைக்கு போன்ல எழுதினீங்க இல்ல, அதே போன்ல எழுதுங்க. அப்புறம் ஒரு பேப்பர்ல எம்புள்ள எடுக்கலன்னு எல்லாரும் கையெழுத்து போட்டுக் குடுங்க. நாளைக்கு இந்த ஊர்ல வேற எதுனா காணோம்னா அதைத்தான் நான் காட்டணும்."

வழக்குப் போடும் வழி இருக்கிறது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் பட்டியல் சாதி, பழங்குடியினர் மேல் அதிகாரிகளிடம் பொய்த் தகவல் கொடுப்பதற்கும் தண்டனை உண்டு என்பதை வழக்கறிஞர் அவர்களுக்கு விளக்கினார். யோசித்துச் சொல்வதாகச் சொல்லி, ஒரு வாரம் கழித்து வேண்டாம் என்றார்கள். இதே ஊரில்தான் இருந்தாக வேண்டும் என்றான் பையன். அது அவர்கள் முடிவு, நாங்கள் வற்புறுத்தவில்லை.

கடிதத்தை நான் எழுதினேன். 14 பேரில் 9 பேர் கையெழுத்துப் போட்டார்கள். பொருளாளர் முதலில் போட்டார், கீழே தன் கையாலேயே "தவறு என்னுடையது" என்று ஒரு வரி சேர்த்தார். போடாத ஐந்து பேரில் ஒருவர் அட்டிகஸைப் பற்றித் தழுதழுத்துப் பேசிய அதிகாரி. "கையெழுத்து போட்டா நாமதான் பொய்ப் புகார் குடுத்தோம்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆகிடும் மேடம், நாளைக்கு பி.சி.ஆர். கேஸ்னு வந்தா யார் பார்க்கிறது?" என்றார். வன்கொடுமைச் சட்ட வழக்கைப் பேச்சில் பி.சி.ஆர். கேஸ் என்றுதான் சொல்வார்கள். அவர் கெட்ட மனிதர் இல்லை. கொரோனா சமயத்தில் அந்தக் குடியிருப்புக்கே அரிசி வாங்கிக் கொடுத்தவர். நாவலில் கேட்ஸ் என்கிற ஆசிரியை வகுப்பில் ஹிட்லர் யூதர்களுக்குச் செய்வதை எண்ணி மனம் கொதிக்கிறாள், அதே ஆசிரியை வழக்கு முடிந்த அன்று நீதிமன்றப் படியிறங்கும்போது இந்தக் கறுப்பர்களுக்குப் பாடம் புகட்ட வேண்டியதுதான் என்கிறாள். இரண்டும் ஒரே வாயில் எப்படி வருகிறது என்று கதை சொல்கிற அட்டிகஸின் சின்ன மகளுக்குப் புரிவதில்லை. இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லும்போது தான் அதையேதான் செய்கிறோம் என்பது அந்த ஆசிரியைக்கும் தெரிந்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது. அதிகாரியிடம் இதைச் சொன்னேன். பதில் சொல்லவில்லை, அதற்குப் பிறகு கூட்டத்துக்கும் வரவில்லை.

குழுவில் மன்னிப்புச் செய்தி நடந்ததை நடந்தபடி சொன்னது: யார் பெயரை எழுதினோம், பணம் எங்கே இருந்தது, யார் வைத்தது. நான் ஒன்றும் செய்யாமல் இருந்த இரண்டரை மணி நேரத்தையும் அதில் எழுதினேன்.

மாற்றியவை, மாற்ற வேண்டியவை

பணம் இப்போது வாங்கிய அன்றே வங்கியில் போய்விடுகிறது, ரசீதில் இரண்டு கையெழுத்து. எதுவும் காணாமல் போனால் குழுவில் யார் பெயரும் எழுதக் கூடாது, முதலில் கடைசியாகக் கையாண்டவர் தேடிப் பார்ப்பது, அப்புறம் எழுத்துப் புகார் மட்டும், வாய்ப் புகார் கிடையாது. இதெல்லாம் சுலபம்.

வாசிப்பு நடத்திய விதம்தான் யோசிக்க வைக்கிறது. நாவலைத் தேர்ந்தெடுத்தது தவறு என்று நான் நினைக்கவில்லை. ஆனால் ஐந்து வாரமும் நான் கேட்ட கேள்வி 'இதில் யார் நல்லவர், அவர் எப்படி நின்றார்' என்பதுதான். 'நாம் இந்த ஊரில் யாராக இருந்திருப்போம்' என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை, கேட்டிருந்தால் 14 பேரும் அட்டிகஸ் என்றுதான் சொல்லியிருப்போம், பரவாயில்லை, அதிலிருந்தாவது ஆரம்பித்திருக்கலாம். கதையில் காயம் எந்தப் பக்கம் என்பதைக்கூட எழுத்தாளர் எடுத்துக் காட்டிவிடுகிறார், நாம் நியாயத்தின் பக்கம் நிற்க ஒரு சிரமமும் இல்லை. செவ்வாய்க்கிழமை மதியம் எங்களிடம் இருந்தது ஒரு காலி பீரோவும் மூன்று சாவியும். அப்படிப்பட்ட நேரத்தில் மனம் எந்தச் சாவியை நோக்கிப் போகிறது என்பதைத்தான் பேசிப் பழகியிருக்க வேண்டும்.

இப்போது எடுத்திருக்கிற புத்தகம் தமிழ்நாட்டுப் பழங்குடியினர் வாழ்க்கையைப் பற்றியது. வாசல் படியில் யார் உட்கார்ந்தாலும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்த பிறகுதான் ஆரம்பிக்கிறோம். ஏரிக்கரையிலிருந்து இதுவரை யாரும் வரவில்லை.

இன்றைய நிலை

பையன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த வேலையில் இருக்கிறான். போவதற்கு முன் நாவலை அம்மாவிடம் கொடுத்து நூலகத்தில் சேர்த்துவிட்டான், தவணை தேதிக்கு இரண்டு நாள் முன்பாகவே.

அந்த அம்மா இன்னும் பெருக்க வருகிறார். சாவியை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டார். எவ்வளவு சொல்லியும் வாங்கவில்லை, அதனால் நூலகர் தினமும் ஒரு மணி நேரம் முன்னதாக வந்து திறந்துவிடுகிறார், அவர் பெருக்கி முடிக்கும் வரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் பார்க்கிறார்.

ஒன்பது பேர் கையெழுத்துப் போட்ட அந்தக் கடிதத்தை அம்மா பஸ் ஸ்டாண்ட் ஜெராக்ஸ் கடையில் லேமினேட் பண்ணி வாங்கிக்கொண்டார். போன மாதம் வீட்டுக்குப் போயிருந்தபோது எடுத்துக் காட்டினார். ரேஷன் கார்டும், நாலு வருடம் அலைந்து வாங்கிய சாதிச் சான்றிதழும் இருக்கிற அதே பிளாஸ்டிக் பைக்குள் வைத்திருக்கிறார்.